சம்மதத்தின் மொழி: வினாவும் விடையும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

ஒருவர் பற்றிய செய்திகளை மற்றொருவர் பெறுவதற்கும் பயன்படுத்துவதற்கும் முன்னவரது சம்மதம் வேண்டும் என்னும் கோட்பாடு இன்று பல நாடுகளின் சட்டங்களில் இடம்பெற்றுள்ளது. அச்சம்மதம் வெறும் தலையசைப்பாக அமைதல் போதாது. எதற்கு இணங்குகின்றார், அதன் விளைவு யாது என்பவற்றை உணர்ந்து அளிக்கப்படுதல் வேண்டும். இதனையே அறிந்தளிக்கும் சம்மதம் என்பர். கணினி வலையமைப்பின் ஊடாக நாள்தோறும் எண்ணிறந்த தரவுகள் கைமாறும் நிலையில், மனிதர் மட்டுமன்றி அவர்தம் சார்பில் இயங்கும் இயந்திரங்களும் இச்சம்மதத்தை விளங்கிக்கொள்ளச் செய்யும் முயற்சி கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது.

இம்முயற்சி பெரும்பாலும் பொறியியற் பிரச்சினையாகவும் சட்டப் பிரச்சினையாகவுமே ஆராயப்பட்டுள்ளது. ஆயின், சம்மதம் என்பது அடிப்படையில் ஒரு சொல்லாடலாகும். வினாவொன்றும் அதற்குரிய விடையொன்றும் கூடிய இடத்தே அது பிறக்கின்றது. எனவே, இயந்திரங்களுக்கென ஆக்கப்பட்ட சம்மத மொழிகளை, ஒரு பனுவலை மதிப்பிடுமாப்போல மதிப்பிடுதல் பயனுடையதாகும். அங்கு பேசுபவர் யார், யாரை நோக்கிப் பேசுகின்றார், கேட்பவர் மறுமொழி கூற இடமுண்டா என்பனவே அம்மதிப்பீட்டில் எழும் வினாக்கள்.

2

அறிந்தளிக்கும் சம்மதம் என்னும் கருத்து வைத்தியத் துறையிலிருந்தே தரவுத் துறைக்கு வந்தது. நாசி வைத்தியர்கள் மனிதர்மீது நடாத்திய கொடும் பரிசோதனைகள் பற்றிய வழக்கின் தீர்ப்பு 1947 ஆம் ஆண்டில் நூரன்பேர்க் நகரில் வழங்கப்பட்டபொழுது, மனிதப் பரிசோதனைக்குரிய பத்து விதிகளும் அதில் வகுத்துரைக்கப்பட்டன. பரிசோதனைக்கு உட்படுபவரின் தன்னிச்சையான சம்மதம் இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதல் விதி. இதன் பின்னர், 1957 ஆம் ஆண்டில் கலிபோர்ணிய மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வழக்கொன்று வந்தது. இரத்தக்குழாய்ப் பரிசோதனையொன்றின் பின் கால்கள் செயலிழந்த ஒருவர், அதனால் நேரக்கூடிய ஆபத்துத் தமக்குக் கூறப்படவில்லை என முறையிட்டிருந்தார். அறிந்தளிக்கும் சம்மதம் என்னும் தொடர் சட்ட வழக்கில் நிலைபெறுவதற்கு அத்தீர்ப்பே வழிகோலியது.

வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவும் ஏற்றத்தாழ்வு உடையதே. எனினும் அங்கு இருவர் ஒருவரையொருவர் எதிர்நோக்கி இருக்கின்றனர். நோயாளி திருப்பிக் கேட்கலாம், அவகாசம் வேண்டலாம், வேறு சிகிச்சை உண்டோ என உசாவலாம். சம்மதத்துக்கு 'அறிந்தளித்தல்' என்னும் அடை பொருந்துவது இவ்வுசாவல் இருப்பதனாலேயாம்.

தரவுத் துறைக்கு வந்தபொழுது இந்நிலை மாறியது. கேட்பவர் கண்ணுக்குப் புலனாகாதவராயினார். கேள்விகளோ எண்ணிக்கையில் அளவிறந்தன. அமெரிக்காவின் கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலீசியா மக்டொனால்ட், லொறி கிரேனர் ஆகிய இருவரும் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மனங்கொளத்தக்கது. ஒருவர் தாம் செல்லும் இணையத்தளங்களின் அந்தரங்கக் கொள்கை அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிப்பதாயின் ஆண்டொன்றுக்கு 200 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட நேரம் செல்லும் என அவர்கள் கணித்தனர். படிக்க இயலாதவற்றைப் படித்ததாகக் கொண்டு பெறப்படும் சம்மதம் அறிந்தளித்த சம்மதமாகாது. மனிதனுக்கு ஆகாததை அவனது இயந்திரம் படித்தாலென்ன என்னும் எண்ணம் தோன்றியதன் நியாயம் இதுவே.

3

இவ்வெண்ணத்தின் முதற் பெரும் ஆக்கம், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2002 ஏப்பிரலில் பரிந்துரையாக வெளியிட்ட பி3பி என்னும் மொழியாகும். இணையத்தளம் தனது கொள்கையை இயந்திரம் படிக்கக்கூடிய வடிவில் எழுதி வைக்கும். பயனாளர் தமது விருப்பங்களை உலாவியில் முன்னரே பதிந்து வைப்பார். உலாவி இரண்டையும் ஒப்புநோக்கி முரண்பாட்டை எடுத்துக்கூறும். இதுவே அதன் அமைப்பு.

இம்மொழியின் சொற்களஞ்சியம் சிறிதாயினும் சிந்தித்து அமைக்கப்பட்டது. தரவு எந்நோக்கத்துக்குப் பெறப்படுகின்றது என்பதைச் சொல்ல 12 சொற்கள். எவரிடம் சேர்கின்றது என்பதைச் சொல்ல 6. எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்பதைச் சொல்ல 5. கேட்ட காரியத்தை முடித்தல், தளத்தை நிருவகித்தல், ஆளை இனங்காணாது ஆராய்தல், ஆளை இனங்கண்டு ஆராய்தல், தொலைபேசி வழியே விற்பனை செய்தல் என நோக்கங்கள் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டப்பட்டன. சட்டத்தரணிகளின் நீண்ட வாக்கியங்களுள் மறைந்து கிடந்த வேறுபாடுகள் இவ்வாறு தனித்தனிப் பெயர் பெற்றமை சிறு சாதனையன்று. பெயரிடப்படாத ஒன்றை மறுத்தல் எவர்க்கும் இயலாது.

ஆயின், அப்பன்னிரண்டனுள் இறுதியாக நின்ற சொல் 'பிற நோக்கம்' என்பதாகும். அதனைப் பயன்படுத்தும் தளம், அந்நோக்கம் யாது என்பதை மனிதர் படிக்கத்தக்க வாக்கியத்தில் விளக்குதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அஃதாவது, ஐயத்துக்கு இடமான இடத்தை அடைந்ததும் இயந்திரம் தன் பணியை நிறுத்திக்கொண்டு, எந்தச் சுமையிலிருந்து மனிதனை விடுவிக்க வந்ததோ அதே சுமையை அவன் தலையில் மீண்டும் ஏற்றிவிடும்.

இதனினும் ஆழமான குறை இம்மொழியின் இலக்கணத்தில் உளது. பி3பியின் தொடக்கநிலை வரைவுகளில், தளமும் பயனாளரின் உலாவியும் பேரம்பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவதற்கான ஏற்பாடு இருந்தது. மொழியை எளிமையாக்கி விரைவில் நடைமுறைக்குக் கொணர்தல் வேண்டும் என்பதால் இறுதி வடிவில் அது கைவிடப்பட்டது. எஞ்சியது ஒருவழிக் கூற்று. தளம் சொல்லும், பயனாளரின் இயந்திரம் கேட்கும், பிடிக்காவிடின் விலகும். உரையாடலாகக் கருக்கொண்ட பனுவல் அறிவித்தலாகப் பிறந்தது எனலாம்.

4

இவ்விழப்பின் அளவை உணர்வதற்குத் தமிழிலக்கண மரபு துணைபுரிகின்றது. பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அறிதற்கும் ஐயந்தீர்தற்கும் எழுவனவற்றோடு, ஒரு பொருளைப் பெறும் நோக்குடன் எழும் கொளல் வினாவையும் அவர் தனித்து எண்ணினார். தரவைக் கேட்கும் வினாக்கள் யாவும் கொளல் வினாக்களே. அவை தெரிவைக் கேட்கும் பாவனையில் அமைந்தாலும், பொருளைப் பெறுதலே அவற்றின் குறிக்கோள்.

விடையின் பாகுபாடு இதனினும் நுட்பமானது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வினாவுக்குச் செவ்வனே அமைவன. ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேரடியாக அமையாவிடினும் விடைப்பொருளைப் பயப்பதால் விடையாகவே கொள்ளப்படுவன. 'ஆடுவாயா?' என வினவப்பட்ட ஒருவர் 'கால் வலித்தது' எனின் உற்றதுரைத்தல். 'கால் வலிக்கும்' எனின் உறுவது கூறல். 'பாடுவேன்' எனின் இனமொழி. முதலிரண்டிலும் மறுப்பு அதன் காரணத்தோடு வருகின்றது. மூன்றாவதிலோ மறுப்பவர் வேறொன்றைக் கொடுக்க முன்வருகின்றார்.

சம்மதம் கோரப்படும் ஒருவரின் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானவை இவ்வைந்தனுட் பலவே. முன்னொருகால் தமது முகவரி வெளிப்பட்டதால் துன்புற்ற பெண்ணொருத்தி கூற விரும்புவது உற்றதுரைத்தல். தமது நோய் விவரம் தொழில்தருநரை எட்டின் வேலை போகும் என அஞ்சுபவர் கூற விரும்புவது உறுவது கூறல். 'வீட்டு முகவரி தரமாட்டேன். மாவட்டத்தைச் சொல்கின்றேன்' என்பவர் கூறுவது இனமொழி. இவற்றுள் எதனையும் பி3பியில் கூற இயலாது. பொருளைச் சிறிது குறைத்துத் தரும் இனமொழிக்கு இடமளித்திருக்கக்கூடிய பேரமே அதிலிருந்து நீக்கப்பட்டதாகும். நேரும் மறையுமாகிய இரண்டே எஞ்சின. மறையும்கூட விலகிச் செல்லுதல் என்னும் அளவிலேயே எஞ்சியது.

5

விடைக்கு இடமில்லாத மொழி விரைவில் பொய்க்கு இடமளித்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட இன்ரநெற் எக்ஸ்புளோறர் 6 என்னும் உலாவி, பி3பியின் சுருக்க வடிவமொன்றைக் கொண்டு, பிற தளங்கள் இடும் குக்கிகளை ஏற்பதா தடுப்பதா எனத் தீர்மானித்தது. உரிய சுருக்கக் குறிகளை அனுப்பாத தளத்தின் குக்கி தடுக்கப்படும். இதன் விளைவாகக் குறிகள், உண்மையை உரைக்கும் கூற்றுகளாக அன்றி, வாயிலைத் திறக்கும் மந்திரச் சொற்களாக மாறின. கார்ணகி மெலன் ஆய்வாளர் 2010 இல் 33,139 இணையத்தளங்களின் சுருக்கக் கொள்கைகளை ஆராய்ந்தபொழுது அவற்றுள் 11,176 தளங்களில் பிழைகள் காணப்பட்டன. ஆயிரக்கணக்கான தளங்கள் ஒரே பிழையான குறித்தொடரைப் படியெடுத்து வைத்திருந்தன. 2012 இல், கூகுள் நிறுவனம் அனுப்பிய தொடர், இது பி3பி கொள்கையன்று என ஆங்கிலத்தில் வெளிப்படையாகவே கூறியமை பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. அத்தொடரைக் கொள்கை எனக் கருதி உலாவி குக்கியை ஏற்றுக்கொண்டது. மனிதன் ஒருவன் படித்திருப்பின் உடனே விளங்கியிருக்கும். இயந்திரத்துக்கோ தனக்குத் தெரியாத சொல் யாவும் ஆட்சேபமற்ற சொல்லாயிற்று.

2010 ஆம் ஆண்டின் ஆய்வாளருள் ஒருவரான லொறி கிரேனர், பி3பியை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆக்கியோரே தம் ஆக்கத்தை இத்துணை நேர்மையுடன் விமர்சித்தமை அரிதாகக் காணப்படுவது. பி3பி 2018 இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

6

பேசும் உரிமையைப் பயனாளர் பக்கம் மாற்ற முனைந்தது அடுத்த முயற்சி. 'பின்தொடராதே' எனப் பொருள்படும் குறியொன்றை உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் அனுப்பும் முறை 2009 அளவில் ஆய்வாளராற் பரிந்துரைக்கப்பட்டு, 2011 இல் பயர்பொக்ஸ் உலாவியில் இடம்பெற்றது. ஒரேயோர் இலக்கமே அதன் முழுப் பனுவலும். பி3பியில் தளம் பேசிற்று, பயனாளர் வாளாவிருந்தார். இங்கு பயனாளர் பேசினார், தளம் வாளாவிருந்தது. அக்குறியை மதித்தல் வேண்டும் என்னும் கடப்பாடு விளம்பர நிறுவனங்களுக்கு விதிக்கப்படாமையே இதன் காரணம்.

இம்முயற்சியினிடையே எழுந்த விவாதமொன்று கோட்பாட்டு நோக்கில் முக்கியமானது. மைக்ரோசொப்ற் 2012 இல் தனது புதிய உலாவியில் இக்குறி இயல்பாகவே இடப்பட்டிருக்கும் என அறிவித்தது. பயனாளர் தாமே தெரிவு செய்யாதவிடத்து அக்குறி அவரது விருப்பமாகாது என விளம்பரத் துறையினர் வாதிட்டனர். வாதம் தன்னளவில் வலிமையுடையதே. ஆயின், அதனை முன்வைத்தோர், பயனாளர் எதுவும் கூறாதிருந்த காலமெல்லாம் அம்மௌனத்தைத் தமக்கு உடன்பாடாகக் கொண்டோராவர். மறுப்புக்கு வெளிப்படையான செயல் வேண்டும், இணக்கத்துக்கோ மௌனமே போதும் என்னும் இரட்டை அளவுகோல் இங்கு புலனாகின்றது. இதற்கென அமைக்கப்பட்ட தராதரக் குழு 2019 ஜனவரியில் மூடப்பட்டது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது தமிழிலும் வழங்கும் பழமொழி. ஒருவர் முகத்தை ஒருவர் காணும் சூழலில் அது பொருந்தலாம். முகங்காணாச் சூழலில் அப்பழமொழியை ஐரோப்பியச் சட்டம் வெளிப்படையாகவே நிராகரித்தது. 2018 மே 25 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, சம்மதம் சுதந்திரமாகவும் குறித்த நோக்கத்துக்காகவும் அறிந்தும் ஐயத்துக்கு இடமின்றியும் அளிக்கப்படுதல் வேண்டும் எனவும், அளித்தல் எவ்வளவு எளிதோ மீளப்பெறுதலும் அவ்வளவு எளிதாதல் வேண்டும் எனவும் விதித்தது. முன்னரே அடையாளமிடப்பட்ட கட்டத்தை மாற்றாது விடுதல் சம்மதமாகாது என ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்ரோபர் 1 இல் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு சொடுக்கும் மறுப்பதற்குப் பல சொடுக்குகளும் வேண்டும் வகையில் வினாவை அமைத்தமைக்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. வினாவின் வடிவமே விடையைத் திரிக்கக்கூடும் என்பதைச் சட்டம் உணர்ந்தமைக்கு இவை சான்றாம்.

இச்சட்டத்துக்கு ஈடுகொடுக்க விளம்பரத் துறை 2018 இல் தானே ஒரு சம்மத மொழியை வகுத்தது. ஐஏபி யூறோப் என்னும் சங்கத்தின் அவ்வேற்பாட்டின்படி, பயனாளரின் தெரிவுகள் எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு குறித்தொடராகச் சுருக்கப்பட்டு விளம்பர நிறுவனங்களுக்கு இடையே பகிரப்படும். இயந்திரங்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்ளும்; சம்மதித்ததாகக் கூறப்படும் மனிதருக்கோ அது வெறும் எழுத்துக் குவியல். அக்குறித்தொடரை ஒருவரது இணைய முகவரி போன்றவற்றோடு பொருத்தி அவரை இனங்காண முடியுமாயின், அதுவும் தனிநபர் தரவே என ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச் 7 இல் தீர்ப்பளித்தது. சம்மதத்தைப் பதிவு செய்யும் கருவியே சம்மதம் வேண்டும் பொருளாயிற்று.

7

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோல்விகளின் காரணம் இயந்திரத்தின் விளக்கக் குறைவு மாத்திரமன்று என்பது பெறப்படும். விளங்கிக்கொண்ட பின்னரும் செவிசாய்க்க வேண்டிய கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை. கடப்பாடு இருந்தவிடத்தே நிலைமை வேறாயிற்று. 2020 இல் அறிமுகமான 'உலகளாவிய அந்தரங்கக் கட்டுப்பாடு' என்னும் குறி, தொழினுட்ப அளவில், கைவிடப்பட்ட பின்தொடராதே குறியினும் பெரிதும் வேறுபட்டதன்று. எனினும் கலிபோர்ணிய மாநிலச் சட்டம் அதற்குப் பின்னணியாக நின்றது. தரவை விற்றல் குறித்து நுகர்வோர்க்கு அறிவிக்காமையும் இக்குறியின்வழி அவர் தெரிவித்த மறுப்பை ஏற்காமையும் குற்றச்சாட்டுகளாக எழ, செபோரா என்னும் அழகுசாதன விற்பனை நிறுவனம் 2022 ஓகஸ்ற்றில் 1.2 மில்லியன் டொலர் செலுத்தி வழக்கை இணக்கமாகத் தீர்த்துக்கொண்டது. ஒரே சொல், கேட்போர்க்குப் பொறுப்பில்லாதவிடத்து ஓசையாகவும், பொறுப்புள்ளவிடத்து விடையாகவும் அமைந்தது.

இதற்கு மாறான கருத்தும் உண்டு. சம்மதம் என்னும் கருவியே இத்துறைக்குப் பொருந்தாது. எத்தனை தெளிவாகக் கூறினும் தனிமனிதர் எதிர்கால விளைவுகளைக் கணித்தல் அரிது. ஆகவே தீயனவற்றைச் சட்டமே விலக்குதல் நன்று என்பர். அமெரிக்கச் சட்ட அறிஞர் டானியல் சொலொவ் 2013 இல் எழுதிய கட்டுரையொன்று, சம்மதத்தின் மேல் ஏற்றப்பட்ட சுமை அதனால் தாங்கவியலாதது எனக் காட்டியது. இக்கருத்தின் பெரும்பகுதி ஏற்புடையதே. எவரும் சம்மதித்திருக்கலாகாத செயல்களுக்குச் சம்மதக் கட்டத்தைக் கவசமாகப் பிடிப்பதை அது தடுக்கும். எனினும், விலக்கவேண்டியன விலக்கப்பட்ட பின்னரும் ஒருவருக்குத் தகுவதும் மற்றொருவருக்குத் தகாததுமான பகிர்வுகள் எஞ்சும். நோயாளி ஒருவர் தம் குருதிப் பரிசோதனை முடிவை ஆராய்ச்சிக்கு அளிப்பதும் அளியாமையும் அவரே தீர்மானிக்க வேண்டியவை. அவ்விடத்தே அவரது விடையைக் கேட்க மொழியொன்று வேண்டும்.

8

இப்பிரச்சினை தமிழ் பேசுவோர்க்கு அயலானதன்று. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ பெறும் தெரிவை அளிக்கின்றது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென இயற்றப்பட்டுள்ளது. சம்மதம் சுதந்திரமாகவும் அறிந்தும் அளிக்கப்படுதல் வேண்டும் என்பதை அதுவும் ஏற்றுக்கொள்கின்றது. தாய்மொழியிற் கேட்கப்படாத வினாவுக்கு அறிந்து விடையளித்தல் இயலாது என்ற வகையில் மொழியுரிமை இங்கு முதற் படியாகும்.

ஆயின், அது முதற் படி மட்டுமே. ஒருவழிக் கூற்றைத் தமிழில் மொழிபெயர்த்தால் கிடைப்பது தமிழில் அமைந்த ஒருவழிக் கூற்றேயாம். சம்மதம், இசைவு, உடன்பாடு என இப்பொருளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களுள், இசைவு ஒன்றோடொன்று பொருந்துதலையும் உடன்பாடு ஒருங்கு நிற்றலையும் உணர்த்துவன. இரண்டுக்கும் இருவர் வேண்டும். எனவே இனி ஆக்கப்படும் சம்மத மொழிகளை, அவை மனிதருக்கு உரியவையாயினும் இயந்திரங்களுக்கு உரியவையாயினும், மூன்று அளவைகளைக் கொண்டு மதிப்பிடுதல் தகும். வினவுபவர் தமது வினா கொளல் வினா என்பதை மறையாது கூறுகின்றாரா? விடையளிப்பவர் காரணங்காட்டி மறுக்கவும், குறைத்துத் தரவும், பின்னர் மீளப்பெறவும் சொற்கள் உளவா? அச்சொற்களைக் கேட்பவர் கேளாதொழியின் அதற்குப் பொறுப்புக் கூறுபவர் எவர்? பி3பி முதலாவதற்கு ஓரளவு விடை கண்டது. கலிபோர்ணிய அனுபவம் மூன்றாவதற்கு வழிகாட்டியது. இரண்டாவது வினா இன்னும் பெரும்பாலும் விடையின்றியே நிற்கின்றது. எட்டு வகை விடையையும் விடையென ஏற்ற மொழியிற் பயின்றோர் கவனஞ் செலுத்த வேண்டிய இடம் அதுவே.